அவங்க வந்தப்புறம் அழு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பெருமை அதைவிடச் சீக்கிரம் வரும் என்பது எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு என்னைக் கெடுத்தது கோபம் இல்லை.

திருவொற்றியூரில் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். குழந்தைகளுக்கு உணர்ச்சிகளையும் அன்பாக நடந்துகொள்வதையும் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு வருஷம் படக்கதைப் புத்தகங்கள் வந்தன. வெறுமனே வாசித்துவிட்டுப் போகக்கூடாது, பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி ‘இது என்ன முகம்?’ என்று கேட்க வேண்டும், பிறகு நடித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்றார்கள் பயிற்சியில். வாய்ப்பாடு சொல்லித்தரவே நேரம் போதவில்லை, இதில் அழுகைக்கும் சிரிப்புக்கும் தனிப் பீரியடா என்று முதலில் முனகினேன். இரண்டு வாரத்தில் எனக்கே அது பிடித்துப்போயிற்று.

அதில் ஒரு புத்தகம் குட்டி யானை பற்றியது. பெயரைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் காசிமேட்டிலிருந்து அதே பெயரில் மீன் ஏற்றி வரும் சின்ன வண்டியைத்தான் நினைத்தார்கள். படத்தைக் காட்டிய பிறகுதான் அடங்கினார்கள். யானையின் குடை காற்றில் பறந்துபோகிறது. அது உட்கார்ந்து அழுகிறது. அணில் வந்து பக்கத்தில் உட்காருகிறது, காக்கா குடையைத் தேடப் போகிறது, ஆடு தன் குடையில் பாதி இடம் கொடுக்கிறது. யாருமே ‘அழாதே’ என்று சொல்வதில்லை. அதுதான் கதை.

வகுப்பின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, காகிதத் தட்டில் முகமூடி செய்து, ஒவ்வொருவராக யானையாக உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கீழே இழுத்தாள், கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அவளுடைய அம்மா விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து எங்கள் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி விற்பவர். அப்பா விசைப்படகில் போகிறவர். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையதாகிவிட்டது. இவ்வளவு சுலபமாக இவளுக்கு எப்படி அழுகை வருகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நன்றாக வருகிறது, எனக்கு அது போதும்.

தலைமையாசிரியர் இதைப் பார்த்துவிட்டு மேலே சொல்ல, கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து பார்ப்பதாக முடிவாயிற்று. வீடியோவும் எடுப்பார்களாம். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். அணில் முதலில், பிறகு காக்கா, கடைசியில் ஆடு. ஆறுதல் சொல்கிறவர்கள் யானையின் முகத்தை மறைக்காமல் பின்னால் நின்று தோளில் கை வைக்க வேண்டும். அன்புக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன்.

அன்று காலை அவள் தலை பின்னாமல் வந்தாள். தினமும் எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி வருகிறவள். எனக்கு எரிச்சலாக வந்தது. வீடியோவில் இப்படியா தெரிவாள்?

“ஏன்டி, அம்மா இன்னிக்கி தலை பின்னலையா?”

இல்லை என்று தலையாட்டினாள். என் பையிலிருந்து சீப்பை எடுத்து நானே பின்னிவிட்டேன். பாதியில் அவள் தோள் குலுங்கியது. திருப்பிப் பார்த்தால் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

“ஏய், இப்ப வேணாம்” என்றேன். “இப்பவே அழுது தீத்துட்டா அப்புறம் இன்னா பண்ணுவ? அவங்க வந்தப்புறம் அழு. சரியா?”

சரி என்று தலையாட்டிவிட்டுச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சமத்து என்று கன்னத்தைக் கிள்ளினேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் கண்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு பதினொன்றரைக்குத்தான் வந்தார்கள். அவ்வளவு நேரமும் அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை உதடு துடித்தது. இரண்டு தடவையும் என்னைப் பார்த்தாள். நான் விரலை ஆட்டினேன். அவள் விழுங்கிக்கொண்டாள்.

வந்தவர்கள் உட்கார்ந்ததும் கதையை வாசித்தேன். குடை பறந்தது. அவள் அழுதாள். ஒத்திகையில் அழுத அழுகை இல்லை அது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு கேவல் வந்தது. முகமூடி நழுவிக் கழுத்தில் தொங்கியது. அணிலாக நடித்த பெண் சொல்லிக்கொடுத்தபடி பின்னால் போய்த் தோளில் கை வைத்தாள். வைத்தவள் நகரவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: “மிஸ், இது நெஜமாவே அழுவுது மிஸ்.”

எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசைதான். புரிந்தது. பின்னாத தலை, காலையில் வந்த கண்ணீர், எல்லாம் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. நாற்காலிக்கும் எனக்கும் நாலு எட்டு தூரம்தான் இருக்கும். எதிரே ஒருவர் செல்போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் சிரித்த முகத்தோடு, “ஆமா, குட்டி யானை நெஜமாவே அழுது. அடுத்து காக்கா வாங்க” என்றேன்.

அணில் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். காக்கா வந்தது, ஆடு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வந்திருந்த மூன்று பேரில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ்ளோ இயல்பா நான் எங்கயும் பாத்ததில்ல மேடம்” என்றார். நன்றி சொன்னேன். டீ குடிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். பிஸ்கட்டும் சாப்பிட்டேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களைப் பற்றி நான் எவ்வளவோ கேலி பேசியிருக்கிறேன். அந்த பிஸ்கட்டை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாப்பாட்டு மணி அடித்தபிறகுதான் வகுப்புக்குத் திரும்பினேன். அவள் மட்டும் நாற்காலியில் இருந்தாள். முட்டி போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“இன்னாம்மா ஆச்சு?”

“நைனா அம்மாவ அட்ச்சிச்சி. அம்மா பையை எடுத்துகினு ஆயா வூட்டுக்குப் போயிட்ச்சி.” கழுத்தில் தொங்கிய முகமூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “என்னைய இட்டுகினு போவல.”

“அழணும்னா இப்ப அழும்மா. நான் இங்கயே இருக்கேன்.”

நான் சொன்னதற்காக அவள் முயன்று பார்த்தாள். உதட்டைக் கீழே இழுத்தாள், கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். பிறகு, கணக்குக்கு விடை வராதபோது சொல்கிற அதே குரலில், “வர்ல மிஸ்” என்றாள்.

வாசலில் அந்த அணில் பெண் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தாள். “போலாமா மிஸ்?” என்று என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு இருவரும் போனார்கள். நான் முட்டி போட்டபடியே இருந்தேன்.

ஐந்தாறு நாளில் அம்மா திரும்பி வந்துவிட்டார். அதைக்கூட அவள் தோழியிடம் சொல்லும்போதுதான் என் காதில் விழுந்தது, என்னிடம் சொல்லவில்லை. அதன்பிறகு யானையாக உட்காரக் கூப்பிட்டால், “வேற யார்னா உக்காரட்டும் மிஸ்” என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். எப்படி இருக்கே என்று கேட்டால், “நல்லா கீறேன் மிஸ்” என்பாள். தினமும் அதே பதில்தான். அந்த வருஷம் முழுக்க என் முன்னால் அவள் அழவே இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று தினமும் தள்ளிப்போடுவேன். அவளுக்குத்தான் எல்லாம் புரிந்திருந்தது.

அந்த வீடியோ பல பள்ளிகளுக்குப் போயிற்று. மற்ற ஆசிரியர்களுக்கு நானே பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்கள். முதல் பயிற்சியில், வீடியோ முடிந்ததும் புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆசிரியை எழுந்தார்.

“எங்க பசங்க நாற்காலில உக்காந்தாலே சிரிச்சிடுதுங்க மேடம். அந்தப் பொண்ண எப்படி அழ வெச்சீங்க?”

அறை முழுக்க ஆசிரியர்கள். சொல்லியிருக்கலாம். சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது.

“பழக்கினா வந்துடும்” என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.