என் கணவரின் கரகரத்த குரல்

மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலத்தின் முதல் வாரத்தில், என் கணவர் குரல் இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். தைராய்டு கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. உயிரைக் காப்பாற்ற அதை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். நரம்பு செயலிழந்துவிட்டது. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

நம் கோயில் பங்கு மக்களே, என் கணவர் லூக்காவை உங்களுக்குத் தெரியும். நரைத்த முடியைக் குடுமி போட்டுக்கொண்டு பூசைக்கு வரும் இத்தாலிக்காரர். அவர் ஒரு ராக் பாடகர், தன் பாட்டுகளைத் தானே எழுதுகிறவர் என்பது பலருக்குத் தெரியாது.

இத்தாலியின் வடக்கே ஒரு சின்ன ஊரில், டிராக்டர் ஷெட்டில் மூன்று நண்பர்களோடு பாட ஆரம்பித்தவர். பழைய வேனில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களாம். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு நாடு முழுக்கப் பரவியது. இரண்டாவது ஆல்பம் சுமாராக ஓடியது. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. மனம் உடைந்தவர், இரண்டு வாரம் நண்பர் வீட்டில் இருக்கலாம் என்று சென்னைக்கு வந்து, இங்கேயே தங்கி, தி. நகரில் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தார். அடையாறில் ஒரு தோட்டத்தில் நாற்பது பேருக்கு முன்னால் அவர் பாடியபோதுதான் முதல்முதலாகக் கேட்டேன். மொழி புரியவில்லை. மழை வந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு, காலையில் காபி போடும்போதே பாடுவார். மாடிப்படி ஏறும்போதும் பாடுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்த வீடு அமைதியாகிவிட்டது. கிட்டாரைப் பரணில் போட்டார். பேச்சுப் பயிற்சிக்குப் போக மறுத்தார். சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவார். ஒருநாள் அந்த நோட்டில், “நீ ஒரு பாடகனைக் கல்யாணம் செய்தாய். அவன் இல்லை. நான் ஊருக்குப் போகிறேன்” என்று எழுதினார். ஈஸ்டர் முடிந்ததும் கிளம்ப டிக்கெட்டும் எடுத்துவிட்டார். எனக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

நான் புதன்கிழமை தோறும் சகாயமாதா நவநாள் ஜெபத்துக்குப் போனேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன். “அம்மா, அந்தப் பழைய குரலையே அப்படியே வாங்கிக்கொடு” என்று கேட்டேன். வேறு எதையும் ஏற்கமாட்டேன் என்றுகூடச் சொன்னேன்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய நாள், பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போனோம். பை தூக்க என்னோடு வந்த லூக்கா ஒதுங்கி நின்றார். எங்களுக்கு வழக்கமாக மீன் தரும் தெரசா அவரைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, வூட்டுக்காரு வாயே தொறக்காம நின்னுகினு கீறாரு?” என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“எனக்கும் அப்டிதான் ஆச்சு. கூவிக் கூவி கொரலே பூடுச்சு. ஒரு வருசம் பேசவே இல்ல. அப்பால இந்தக் கொரலு வந்துச்சு. நல்லாவா கீது? இத வெச்சினுதான் கூவறேன். ஜனம் வருது.”

லூக்காவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். என் கையைத் தொட்டு, இன்னொரு முறை கூவச் சொல் என்று சைகை காட்டினார். தெரசா வெட்கப்பட்டுக்கொண்டே சங்கரா மீனைக் கூவினாள். உடைந்த, கரகரத்த குரல். காற்றும் அதில் கலந்திருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஆட்டோவில் வரும்போது நோட்டில் எழுதினார்: “எங்கள் ஊர்ப் பாடகர்கள் இந்தக் குரலுக்காக இருபது வருடம் சிகரெட் பிடிப்பார்கள்.” ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

திங்கட்கிழமை அவரே பேச்சுப் பயிற்சிக்குக் கிளம்பினார். டிக்கெட்டை ரத்து செய்தார். நான் நவநாளை விடவில்லை.

ஈஸ்டர் கழிந்து ஏழு வாரம், பெந்தெகோஸ்து வாரத்தில் ஒரு காலை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஏதோ சத்தம். ரேடியோ என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார். மிகவும் தாழ்ந்து, மணலில் கால் உரசுவதுபோல ஒரு குரல்.

“ஸ்டெல்லா,” என்றார். “இது நான்தானா?”

நான் அழுதேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அழுகையில் பாதி ஏமாற்றம். நான் கேட்ட குரல் இதுவல்ல. அதற்காக அன்று மாலையே கோயிலுக்குப் போய் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் குரலுக்காக அவர் புதுப்பாட்டுகள் எழுதினார். அடையாறில் பாடினார், தெரசா இரண்டு மகள்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். போன குளிர்காலத்தில் அவருடைய ஊர் நண்பர்கள் அழைத்தார்கள். இந்த முறை எனக்கும் டிக்கெட் எடுத்தார். நிரம்பிய மண்டபத்தில் எல்லாருக்கும் நரைத்திருந்தது. முதல் ஆல்பத்தின் அந்தப் பழைய பாட்டைப் பாடச் சொன்னார்கள். அதன் உச்சஸ்தாயி இப்போது அவருக்கு எட்டாது. அந்த இடம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். மண்டபமே எழுந்து நின்று அதைப் பாடி முடித்துக்கொடுத்தது. அவர் தலைகுனிந்து கிட்டாரை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு புதுப்பாட்டைப் பாடினார். யாரும் இருமக்கூட இல்லை.

இதற்குமேல் குரல் தெளியாது என்கிறார் டாக்டர். தெளிய வேண்டாம். காலையில் மறுபடியும் என் சமையலறையில் பாட்டு கேட்கிறது.

உங்களில் யாராவது ஒன்றைக் கேட்டு அழுதுகொண்டிருக்கலாம். விடாமல் கேளுங்கள். கேட்டதுபோல இல்லாமல் வேறு மாதிரி வந்து நின்றால், என்னைப்போல முகம் சுளிக்காதீர்கள். கொடுத்த ஆண்டவருக்கு நம்மைத் தெரியும். அவருக்கே நன்றி.