அண்ணன் காலைத் தூக்கினால்தான் பாட்டு நிற்கும்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அண்ணன் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். முன்பக்கத்தில் இருப்பது அவர் பச்சை வெயிஸ்ட்கோட்டு போட்டுக்கொண்டு பிடிலுடன் நிற்கும் படம். கோட்டும் டையும் போட்ட படம் ஒன்று இருக்கிறதே, அதைப் போடலாமே என்று உறவில் சிலர் போன் செய்து சொன்னார்கள். அது வேலைக்கு மனு போட எடுத்த படம். அதில் அண்ணன் பயந்துபோய் இருக்கிறார். பச்சைக் கோட்டில் சிரிக்கிறார். அதனால் இதைப் போட்டேன்.

இப்படிப்பட்ட மலர்களில் செத்தவரும் நல்லவர், வந்தவர்களும் நல்லவர்கள் என்று எழுதி முடிப்பார்கள். அண்ணன் நல்லவர். மற்றவர்களைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ராயப்பேட்டையில். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கர். அம்மா, அண்ணன், நான். பங்குத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் சின்ன வயதிலேயே பிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டார். அவர் கல்லூரியில் இருக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு தனியார் பள்ளியில் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். அது சரிப்படாமல் நான் பெட்டியுடன் திரும்பி வந்த அன்று, ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்றார். பெரிய மாமா உட்பட அத்தனை பேரும் நூறு கேள்வி கேட்டீர்கள். அம்மாவும் போன பிறகு மயிலாப்பூரில் ஒரு சின்னப் போர்ஷனில் நாங்கள் இருவரும் இருந்தோம். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

தி.நகரில் ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் ஐரிஷ் பப் என்று ஒன்று திறந்தார்கள். அயர்லாந்து நாட்டு மதுக்கடை மாதிரி மர மேசையும் பச்சை விளக்கும் வைத்த பார். சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்த நாட்டுப் பாட்டு வாசிக்க ஆள் வேண்டும். அங்கிருந்து ஆள் கூட்டிவரக் கட்டுப்படியாகவில்லை. மேனேஜர் யாரிடமோ விசாரித்து அண்ணனைப் பிடித்தார். அண்ணனுக்கு அந்த இசை தெரியாது. போனில் கேட்டுக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, சமையலறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு மற்ற மூவரையும் அவரே சேர்த்தார். அந்த மூவர் யார் என்று உங்களில் பலர் கடைசி வரை கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

ரமணி சார் புல்லாங்குழல். மாடவீதிப் பக்கத்துக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சனிக்கிழமைகளில் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பாருக்கு வருவார். "ஆத்துல தெரிஞ்சா என்னைத் தலைமுழுகிடுவா, மாஸ்டர்" என்பார். தெரிந்தது. தலைமுழுகவில்லை. அவர் மனைவி ஒரு நாள் வந்து கடைசி மேசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பஜனையை விட இது தேவலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்முகம் கிட்டார். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை போட்டவர். சண்முகம் பகலெல்லாம் பட்டுப்புடவை விரித்துக் காட்டுவார். ஒரு வெள்ளைக்காரர் ஒருமுறை, உங்களில் யார் அயர்லாந்து என்று கேட்டிருக்கிறார். "நான்தான். தெற்கே கடைசி ஊரு, அதுக்கு அப்பால கடல்" என்று சண்முகம் சொல்ல, அந்த ஆள் நம்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாராம். அண்ணன் இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தேவா மேளம். சிந்தாதிரிப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. அவருடைய அப்பா சாவுக்குப் பறை அடித்தவர். அயர்லாந்துக்காரர்களின் மேளமும் ஒரு வட்டச் சட்டம், ஒரு ஆட்டுத்தோல், ஒரு குச்சிதான். விலைக்கு வாங்க முடியாமல் தேவா தன் அப்பாவின் பறைச் சட்டத்திலேயே ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிக்கொண்டார். பாரில் அந்த மேளத்தைத் தொட்டுப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். பெரிய மாமா தன் மகனின் திருமண நாளுக்குக் குடும்பத்தோடு அங்கே வந்து அண்ணன் தயவில் சாப்பிட்ட அன்று, மாமா மகன் அந்த மேளத்தை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது.

இந்த இசையில் ஒரு விஷயம் உண்டு. அது தெரியாமல் மேலே படித்தால் புரியாது. மெட்டு சின்னது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படியே சுற்றிக்கொண்டே இருக்கும். தானாக முடிவு கிடையாது. குழுவில் ஒருவர் காலை முன்னால் நீட்டித் தூக்கினால் இதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம். எல்லாரும் சேர்ந்து நிறுத்துவார்கள். இவர்கள் குழுவில் அந்தக் கால் அண்ணனின் இடது கால். பாட்டு முழுக்க அந்தக் காலால்தான் தரையில் ஓங்கித் தாளம் தட்டுவார். நிறுத்த வேண்டிய நேரத்தில் அது தட்டாமல் அந்தரத்தில் நிற்கும். அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாததால் மெட்டுகளுக்கு இவர்களே பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று சைக்கிள் செயின். ஒன்று மாமியார். எப்போதும் முடிவில் வாசிப்பது கடைசி பஸ்.

அண்ணன் பாரில் வாசிக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ போய்ச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவர் குடிக்கிற இடத்தில் வாசிக்கலாமா என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். யார் போய்ச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுதவில்லை. அவர் வீட்டுக்கும் இந்த மலர் ஒன்று போகிறது.

அண்ணன் குடித்தவர் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. குடிதான் அவர் காலைப் பறித்தது என்று பேசியவர்களுக்காக எழுதுகிறேன். அவருக்கு இருந்தது சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. அவரும் கவனிக்கவில்லை, மாத்திரை போட்டால் போதும் என்று இருந்தார். ஓட்டலில் வாசிக்கப் பச்சை வெயிஸ்ட்கோட்டும் கறுப்பு ஷூவும் கட்டாயம். பழைய ஷூவில் அடியிலிருந்து ஒரு ஆணி உள்ளே எழும்பியிருந்தது. அந்த ஆணியின் மேல் ஒரு சாயங்காலம் முழுக்க, மெட்டுக்கு மெட்டு, ஓங்கி ஓங்கித் தாளம் தட்டியிருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. ஷூவைக் கழற்றும்போது ரமணி சார்தான் பார்த்தார்.

"மாஸ்டர், சாக்ஸ் ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

"வேர்வையா இருக்கும் சார்."

"வேர்வை செகப்பா இருக்குமோ?"

அரசு மருத்துவமனையில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும். நீங்கள் ஆப்பிள் பையோடு வந்தீர்கள், கட்டிலைச் சுற்றி நின்றீர்கள், பார்க்கிங் கிடைக்கவில்லை என்று பேசினீர்கள், போனீர்கள். இரவுக்கு ஆள் வேண்டும் என்று நான் கேட்டபோது எல்லாருக்கும் வேலை இருந்தது. தங்கியது இந்த மூன்று பேர், முறை போட்டு. வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காத ரமணி சார் பெட்பேன் எடுத்தார். சண்முகம் புண்ணில் ஒட்டாத மெல்லிய மல்துணியைக் கடையிலிருந்து கிழித்துக் கொண்டுவந்து அடுக்கினார். வீட்டுக்கு அனுப்பிய அன்று லிப்ட் ஓடவில்லை. தேவா அண்ணனை முதுகில் சுமந்து மாடியிலிருந்து இறக்கினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் வாத்தியங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிடிலை எடுத்தார். கடைசி பஸ் வாசித்தார்கள். சுற்றிச் சுற்றி வந்தது. நிற்கவில்லை. அண்ணன் முகத்தில் வேர்த்தது. எனக்கு என்னவென்று புரியவில்லை. அவர் நிறுத்தச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இல்லாத காலைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். லுங்கிக்குள் தொடை எழும்பி எழும்பி இறங்கியதைத் தேவாதான் கடைசியில் பார்த்தார். குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார். மற்ற இருவரும் நிறுத்தினார்கள்.

அண்ணன்தான் பேசினார். "நான் சொன்னேன், நீங்கதான் கேக்கல."

"இனிமே தூக்கு அண்ணாத்த. நான் தொடையவே பாத்துக்கினு கீறேன்" என்றார் தேவா.

"பொம்பள மாதிரி லுங்கிய இழுத்து இழுத்து மூடினா எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்றார் சண்முகம். அண்ணன் சிரித்தார். பிறகு பிடிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "என்னைப் புதைக்கிற இடத்துல நீங்க மூணு பேரும் இதை வாசிக்கணும். வேற பேண்டு செட்டு வேணாம். மூணு பேரும்." என்னைப் பார்த்தார். "நீ பாத்துக்க" என்றார். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சில மாதங்களில் சிறுநீரகமும் கைவிட்டது. ஒரு காலை, நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

அடக்கத்தன்று நான் ஐஸ் பெட்டி பக்கத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பெரிய மாமா எல்லாப் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டு பேண்டு செட்டுக்குச் சொல்லிவிட்டார். அண்ணன் என்ன சொன்னார் என்று நான் முந்தின நாளே மாமாவிடம் சொல்லியிருந்தேன். சரி என்று தலையை ஆட்டினார். மூவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாத்தியங்களோடு வந்தபோது மாமா வாசல் கேட்டில் நிறுத்தினார்.

"இன்னா இது, கச்சேரியா? பார்ல வாசிக்கிறத சாவு வீட்டுக்கு எடுத்துக்கினு வந்துட்டீங்க?"

ரமணி சார் மெதுவாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். மாமா கொஞ்சம் இறங்கி வந்தார். ரமணி சாரையும் சண்முகத்தையும் காட்டி, "சரி, இவங்க ரெண்டு பேரும் கல்லறையில வாசிக்கட்டும். இந்த மேளம் வராது" என்றார். தேவாவைப் பார்த்து, "நீ எந்தத் தெரு? உங்க அப்பன் இன்னா பண்ணான்?" என்று கேட்டார்.

"எங்க நைனா சாவுக்கு அடிச்சாரு. அதத்தான கேக்குற? அவரு இருந்திருந்தா உனுக்கும் அடிச்சிருப்பாரு" என்றார் தேவா.

மாமா கையை ஓங்கினார். சண்முகம் குறுக்கே வந்தார். "சேலையில ரவிக்கைத் துணிய வெட்டுத மாதிரி எங்கள வெட்டப் பாக்காதீங்க, பெரியவரே. இது ஒரே செட்டு." ரமணி சார், "அவர் உள்ள வரலேன்னா நானும் வரலை. இங்கேயே நின்னுண்டு இருக்கேன்" என்று குழலைப் பைக்குள் வைத்துவிட்டார்.

நான் சத்தம் கேட்டு எழுந்து ஓடியபோது சவப்பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். நான் கத்தினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். என் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மேளத்தைத் தடுத்தவர் ஒருவர். சுற்றி நின்று பார்த்தவர்கள் நாற்பது ஐம்பது பேர். எல்லாரும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்.

பேண்டு செட்டு சினிமாச் சோகப் பாட்டு வாசித்தது. மூவரும் ஊர்வலத்தின் கடைசியில் வாத்தியங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மண் போட்டு முடிந்து எல்லாரும் போன பிறகும் நின்றார்கள். நான் போய் உள்ளே கூப்பிட்டேன். தேவா வரவில்லை. "இன்னிக்கு வேணாம்மா. துரத்திவுட்ட எடத்துல ஒளிஞ்சிக்கினு அடிச்சா அது அண்ணாத்தைக்கு அசிங்கம். ஜனம் இருக்கறப்ப அடிக்கணும்" என்றார்.

இந்த வருடம் முழுக்க நான் அந்த வார்த்தையோடுதான் இருந்தேன்.

இப்போது நன்றி. அண்ணனைச் சுமந்த தேவாவுக்கு. துணி கிழித்த சண்முகத்துக்கு. பெட்பேன் எடுத்த ரமணி சாருக்கும் அவரை அனுப்பி வைத்த அவர் மனைவிக்கும். நேரத்துக்கு வந்து கட்டு மாற்றிய நர்சுகளுக்கு. ஓட்டலில் அண்ணனுடைய நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் மேனேஜருக்கு. மற்றவர்களுக்கு, வந்து போனதற்கு நன்றி.

நினைவுநாள் பூசை முடிந்ததும் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறோம். பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டேன். கல்லறைக்குப் பக்கத்தில் யார் வாசிப்பது என்று குடும்பம்தான் சொல்ல வேண்டும் என்றார். குடும்பம் என்றால் இப்போது நான்தான். மூவரும் உள்ளே வருகிறார்கள். மேளம் முதலில் வருகிறது. வாசிக்கப்போவது கடைசி பஸ்.

நிறுத்தச் சொல்ல ஆள் இல்லையே என்று ஒத்திகையில் மூவரும் என்னைப் பார்த்தார்கள். நீயே சொல்லும்மா என்றார் ரமணி சார். ஆகவே நான் கல்லறையின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்காருவேன். எனக்குப் போதும் என்று தோன்றும்போது இடது காலைத் தூக்குவேன். அது எப்போது என்று என்னைக் கேட்க வேண்டாம். கேட்டில் நின்று பார்த்த அத்தனை பேரும் நின்று கேட்க வேண்டும். அது வரை பாட்டு நிற்காது. சாப்பாடு அதற்குப் பிறகுதான். பரிமாறுகிறவரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அண்ணனின் தங்கை