நின்றால் நடுங்கும் வண்டி

எங்கள் கார் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. சிக்னலில் நின்றால்தான் நடுங்கும். ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு ஏறும், சீட் வழியாக முதுகுக்கு வரும். டேஷ்போர்டின் மேல் அம்மா வைத்திருக்கும் பாட்டு ஃபைல் அதுபாட்டுக்கு நகர்ந்து போய்க் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

நடுக்கத்தைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அம்மா அதைத் தன் இடது காலின் குற்றம் என்று நம்பியதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

ஊரப்பாக்கம் வீட்டில் நாங்கள் மூன்று பேர். வண்டியை எப்போதும் ஓட்டியவர் அப்பா. அவருக்கு நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது என்ற நிலை வந்தபோது, இனி ஓட்ட வேண்டாம் என்று கண் டாக்டர் சொன்னார். அப்பா விவாதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். கொஞ்ச நாள் அது அங்கேயே கிடந்தது. ஒரு காலையில் அம்மா அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு.

அவளுக்கு ஒரே ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. தாம்பரத்தில் எங்கள் சர்ச். அதன் பாடகர் குழுவில் அம்மா ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல் பாடுபவள். சனிக்கிழமை மாலை ஒத்திகை. முடிந்ததும் மற்றவர்கள் ஹாலிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அடுத்த பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், சிரிப்பார்கள், சில நாள் இன்னொரு முறை பாடியும் பார்ப்பார்கள். அம்மா அந்த டீயைக் குடித்ததே இல்லை. வெளியே வண்டியில் அப்பா காத்திருப்பார். அவர் அவசரப்படுத்தியதில்லை, ஆனாலும் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் டீ இறங்காது. தானே ஓட்டிக்கொண்டு போய், தானே திரும்பி வருவது என்பது அவளுக்கு அந்த டீதான்.

லைசென்ஸ் வந்தது. எல் போர்டு ஒட்டி, பக்கத்தில் நான் உட்கார, வண்டலூர் வரை, பிறகு பெருங்களத்தூர் வரை என்று ஓட்டிப் பழகினாள். அந்த நாட்களில்தான் நடுக்கம் தொடங்கியது.

"கிளட்ச் மேல கால வச்சிட்டே ஓட்டுறீங்க மேடம், வண்டி பாவம்னு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லிட்டே இருந்தார்," என்றாள் அம்மா. "அப்பா ஓட்டும்போது இப்படி ஒரு நாளாவது ஆடிச்சா?"

ஆடவில்லை. அதுதான் சிக்கல்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது தீர்ப்பு வந்தது. "இந்த சனிக்கிழமை கிறிஸ்மஸ் பாட்டு ஒத்திகை. அதுக்குள்ள சரியாகலைன்னா நான் விட்டுடறேன். வித்துடலாம்."

அப்பா மோரை ஊற்றிக்கொண்டே, "கூடுவாஞ்சேரியில ஒருத்தர் கேட்டுட்டுதான் இருக்கார்," என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. வண்டியைப் பற்றி அவர் அதிகம் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஆனால் தினமும் காலையில் அதைத் துடைப்பார், டயரில் காற்று பார்ப்பார், பானட்டைத் திறந்து எதையாவது சரிசெய்வார்.

நான் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சுழலும் எதுவும் ஏன் நடுங்குகிறது என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனவே செய்யத் தெரிந்ததைச் செய்தேன். நின்ற இடத்தில் இன்ஜின் நடுங்குவதற்கு என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று ஃபோனில் ஒரு பட்டியல் போட்டேன். ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம். ஒரு சிலிண்டருக்குப் பொறி சரியாகப் போகாமல் இருக்கலாம். காற்று உள்ளே போகும் த்ராட்டிலில் கரி படிந்திருக்கலாம். ஏதாவது ஒரு ரப்பர் குழாய் வெடித்து, போகக் கூடாத வழியில் காற்று போகலாம். ஏசி போட்டால் இன்ஜின் சுமை தாங்காமல் தடுமாறலாம். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் செத்திருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, "அம்மாவின் கால்" என்று எழுதினேன். பட்டியலிலிருந்து முதலில் அடிக்க வேண்டியது அதைத்தான்.

அடுத்த நாள் காலை வாசலில் வைத்து அந்த வரியை அடித்துக் காட்டினேன். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஸ்டார்ட் செய்து, இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வண்டி தாராளமாக நடுங்கியது.

"பாத்தியா? கிளட்ச் பக்கம் யாருமே இல்ல."

அம்மா ஜன்னலில் கை வைத்துக் குனிந்து பார்த்தாள். "இப்ப இல்ல. ஆனா நான்தானே பழக்கிவிட்டேன்? பிள்ளைங்களுக்குக் கெட்ட பழக்கம் வந்துட்டா சொல்லிக்குடுத்தவங்க வீட்டுக்குப் போயிட்டாலும் போகாது."

அம்மா பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். இடைவெளியில்லாமல் தொடர்ந்தாள்: உள்ளே எதையோ தேய்த்துவிட்டாள், அது இனி திரும்பாது. கேட்டுக்கொண்டே, இன்ஜின் வேகத்தைக் காட்டும் டேஷ்போர்டு முள்ளைப் பார்த்தேன். அது ஓர் இடத்தில் நின்றது, மேலும் கீழும் அலையவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன். பொறி தவறும் இன்ஜின் அவ்வளவு ஒழுங்காக நிற்காது.

பெருங்களத்தூரில் அப்பாவின் பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பிளக்கை மாற்றினார், த்ராட்டிலைக் கழுவினார், குழாய்களை அமுக்கிப் பார்த்தார். ஸ்டார்ட் செய்து காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்ஜின் பட்டாட்டம் கீது சார்," என்றார் அப்பாவிடம். "மூணு சிலிண்டர் வண்டி, கொஞ்சம் ஒதறத்தான் செய்யும். நாலு காலு கட்டிலுக்கும் மூணு காலு ஸ்டூலுக்கும் வித்தியாசம் இல்லியா?"

"இது கொஞ்சம் இல்லண்ணா," என்றேன். "ஸ்டீயரிங்கைப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். புருவம் ஏறியது. "ஆமா, பேஜாராத்தான் கீது. மவுண்டிங்கா இருக்கும் மா. பார்ட்டு வர திங்கக்கிழமை ஆவும்."

அம்மா பின்னாலிருந்து, "நான் கிளட்ச் மேல கால் வச்சதால மவுண்டிங் போயிருக்குமா?" என்று கேட்டாள்.

அவர் கை துடைத்துக்கொண்டே சிரித்தார். "எல்லாம் சேந்துதான் க்கா!"

அவர் விளையாட்டாகச் சொன்னது. அம்மாவுக்கு அது முத்திரை குத்திய மாதிரி ஆயிற்று. திரும்பும்போது அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, நான்தான் ஓட்டினேன். வண்டலூர் சிக்னலில் நின்றோம். ஃபைல் நகரத் தொடங்கியது. அம்மா அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றாள் தனக்குள் பேசுவது போல. "சத்தம் மாறவே இல்ல. அதே சுருதிதான். முன்னாடி முன்பக்கம் ஒரே ஆள் பாடிட்டிருந்த மாதிரி இருக்கும். இப்ப சபை மொத்தமும் எழுந்து கூடப் பாடுது."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நான் வண்டியை எடுத்தேன். வீடு வரும் வரை அந்த ஒரு வாக்கியத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. பம்பில் குறையே இல்லை, ஆனால் கட்டடமே ரீங்கரித்தது. யாரோ குழாயைச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டிருந்தார்கள். என் பட்டியல் முழுக்க இன்ஜின் ஏன் நடுங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்ஜின் எப்போதும் போலத்தான் நடுங்கியிருக்க வேண்டும். ரப்பரோடு நிற்க வேண்டிய நடுக்கம் எப்படி வண்டியின் உடம்புக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

சனிக்கிழமை காலை, அம்மா பாடகர் குழுவைச் சேர்ந்த யாரிடமோ "போற வழியில என்னை ஏத்திக்கிறீங்களா?" என்று ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் பானட்டைத் திறந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். ஸ்டார்ட் செய்து, ஒரு கையை இன்ஜின் மூடியிலும் இன்னொன்றை வண்டியின் விளிம்பிலும் வைத்தேன். இன்ஜின் சாதாரணமாகத்தான் ஆடியது. விளிம்பு அதோடு சேர்ந்து ஆடியது. அது ஆடக் கூடாது. பேட்டரி இருக்கும் பக்கம் கையை நகர்த்த நகர்த்த ஆட்டம் கூடியது.

இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபோன் வெளிச்சத்தைப் பேட்டரிக்குக் கீழே அடித்தேன். அங்கே இரும்பு வலை தெரிந்தது.

அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். மெக்கானிக்கும் பார்த்திருப்பார். எங்கள் பக்கத்தில் மழை தொடங்கினால் எலிகள் வண்டிக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். அதனால் எங்கள் தெருவில் எந்த பானட்டைத் திறந்தாலும் உள்ளே ஏதாவது இருக்கும்: புகையிலைக் கட்டு, அந்துருண்டை மூட்டை, வலை. இருந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. இல்லாவிட்டால்தான் கேட்பார்கள். நான் வலையை விலக்கினேன். அடியில் ஒரு தேக்குக் கட்டை இருந்தது. வீட்டுக் கதவு செய்தபோது மிஞ்சியது. ஒரு முனை இன்ஜினோடு சேர்ந்து ஆடும் கியர்பாக்ஸின் இரும்பில், மறுமுனை வண்டியின் சட்டத்தில், நடுக்கம் ரப்பரைத் தாண்டி வர ஒரு பாலம் மாதிரி. நடுவில் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தது.

"இது எப்பப்பா வச்சது?"

"அதுவா?" அப்பாவின் முகம் மலர்ந்தது. "அந்தச் சந்து வழியாதான் எலி ஏறுது. வலை மட்டும் வச்சா தள்ளிட்டு வந்துடும். அதான் கட்டை குடுத்து இறுக்கினேன். ஆட்டிப் பாரு, அசையாது."

"எப்பன்னு கேட்டேன்."

"உங்கம்மா எல் போர்டு ஒட்டின வாரம். ஒயர் போய் அவ நடு ரோட்ல நின்னுடக் கூடாதில்ல?"

ஓட்ட முடியாமல் போன பிறகு அந்த வண்டிக்கு அவர் செய்ய முடிந்தது அதுதான். ஓட்டாததால், அதன் நடுக்கத்தை ஸ்டீயரிங்கில் அவர் உணர்ந்ததும் இல்லை. விளக்கம் சொல்வதற்குப் பதிலாக அவர் கையைப் பிடித்து விளிம்பில் வைத்தேன். "இங்கயே வச்சிருங்க." ஸ்டார்ட் செய்தேன். அணைத்தேன். கம்பியை வெட்டி, கட்டையை உருவ நான் திணறியபோது, "அப்படி இழுக்காதே, கீழ்ப்பக்கமாத் தட்டு," என்று அவரே எடுத்துத் தந்தார். மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.

அப்பா மறுபடி ஒரு கையை விளிம்பில் வைத்தார்; ஆட்டம் அடங்கியிருந்தது. கையை மெதுவாக நகர்த்தினார், திரும்பக் கொண்டுவந்தார். மறு கையிலிருந்த கட்டையைப் பார்த்தார்.

"நானா?"

"கட்டைப்பா."

"கட்டைய வச்சது யாரு?"

வாசலைப் பார்த்துத் திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்தாம்மா, அந்த ஃபோனை வச்சிட்டு இங்க வா. உன் கால் இல்ல. என் கை."

அம்மா வந்தாள். நான் சொல்ல ஆரம்பித்ததை அவர் சொல்லவிடவில்லை, தானே சொன்னார், கட்டையைத் தூக்கிக் காட்டி, எந்த முனை எதில் என்று. அம்மா கேட்டுவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். ஃபைல் நகரவில்லை.

"ஒரு எலிக்குப் பயந்து என்னைப் பாடாப் படுத்திட்டீங்க," என்றாள். சிரிக்கத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. "ராத்திரியெல்லாம் என் காலைத் திட்டிட்டிருந்தேன். பாவம் அது."

அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு, "சரி, எலிக்கு என்ன பண்றது?" என்றார் கவலையாக. நியாயமான கேள்வி. சாப்பாட்டுக்கு முன் நானும் அவரும் வலையை வெட்டி, வண்டியின் சட்டத்தோடு மட்டும் கட்டினோம். இன்ஜினுக்கும் வலைக்கும் நடுவே கை நுழையும் இடம் இருக்கிறதா என்று அவர் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தார்.

மாலையில் அம்மா தனியாகப் போனாள். நான் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, "நீ வந்தா நீ காத்திட்டிருப்பே," என்றாள். மெசேஜ் ஏதும் வரவில்லை. ஒத்திகை முடியும் நேரம் தாண்டியது. அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செடிக்குத் தேவையில்லாத தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு, வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும் முன்பே, "வந்துட்டா," என்றார்.

அம்மா வாசலில் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்காமல் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க."

"எங்க?"

"எங்கேயும் இல்ல. சும்மா உக்காருங்க."

அப்பா ஏறி, அவர் வழக்கமாக உட்காராத பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி அப்படியே நின்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டீ எப்படி?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

"சுமார்தான். இஞ்சியே போடல. நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்."

அப்பா டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் லேசா ஆடுதே."

"மூணு சிலிண்டர்ல," என்றாள் அம்மா. "கொஞ்சம் ஆடத்தான் செய்யும்."