பூட்டிய பாத்ரூமில் வழுக்கி விழுந்தவன்

தாம்பரத்தைச் சுற்றி இருபது வருடமாகப் பிளம்பர் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் குழாய் ஒழுகினால் என்னைத் தேடித்தான் ஆள் வரும். கூலி கேட்கக் கூடாது. அது அவர்கள் சட்டம். ஓசி வேலைக்கு நானும் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: முடிந்தவரை இழுத்தடிப்பது.

அந்த வாரம் ஸ்டேஷன் பாத்ரூமில் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டது. அங்கே இருப்பதே அந்த ஒரு பாத்ரூம்தான். தரையை முழுக்கப் பெயர்த்துப் போட்டுவிட்டு, சாமான் கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் காலை போய், ஹார்டுவேர் கடையில் காட்டுவதற்காகப் பள்ளத்தைப் போனில் படம் எடுத்தேன். யாராவது காலை விட்டுவிடப் போகிறார்கள் என்று கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். போலீஸ்காரர்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். இதை வீட்டில் சொல்லி நானும் மனைவியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்று மத்தியானம் என் மச்சானை அதே ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போனார்கள். மனைவியின் தம்பி அவன். தாம்பரத்துக்கும் படப்பைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியை எடு என்று எஸ்.ஐ. கெட்ட வார்த்தையில் திட்ட, “மரியாதையா பேசுங்க சார்” என்றிருக்கிறான். அவ்வளவுதான். அரசு ஊழியரைத் தாக்கினான் என்று கேஸ். வீட்டுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. அவன் ஜெயிலுக்குப் போனால் லைசென்ஸும் போகும், அவன் வீட்டில் மூன்று பேர் சாப்பாடும் போகும்.

ஆட்டோ ஸ்டாண்டில் கேள்விப்பட்டு ஓடி, மறுநாள்தான் அவனைக் கோர்ட் வாசலில் பார்த்தோம். வலது கையில் மாவுக்கட்டு.

“இன்னாடா ஆச்சு கையி?” என்று அலறினாள் மனைவி.

“ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி வுயுந்துட்டேன்க்கா.”

சொல்லிவிட்டு எஸ்.ஐ.யைப் பார்த்தான். மாற்றிச் சொன்னால் கஞ்சா கேஸும் சேரும் என்று மிரட்டியிருந்தார்கள். நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்களில்தான் எத்தனை பேருக்குக் கை உடைகிறது! ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் பழைய கேஸ் கட்டைப் பார்த்து, கைப் பழக்கத்தில் கோர்ட்டுக்கான காகிதத்திலும் அதே வரியை எழுதிவிட்டார்.

நான் ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். இதே ஏரியாவில்தானே நான் தொழில் பண்ண வேண்டும்? மனைவி என் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

“இன்னா முயிச்சிகினு நிக்கிற? சாவி உன்கிட்டதான கீது? போய் சொல்லுய்யா!”

போனையும் சாவியையும், மச்சானுக்காக நாங்கள் கூட்டி வந்திருந்த வக்கீலம்மாவிடம் நீட்டினேன். படத்தைப் பார்த்தவர், “அண்ணா, இது போதும்” என்றார்.

உள்ளே மாஜிஸ்திரேட் காகிதத்தைப் படித்துவிட்டு, “எந்த பாத்ரூம்?” என்று கேட்டார்.

“ஸ்டேஷன்ல ஒண்ணுதாங்க ஐயா இருக்கு” என்றார் எஸ்.ஐ.

வக்கீலம்மா படத்தைக் காட்டினார். தேதி, நேரம் எல்லாம் அதிலேயே இருந்தன. என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஐயா, வழுக்குறதுக்கு அங்க தரையே இல்லீங்க. வெறும் பள்ளந்தான். நான் பூட்டுன சாவி இதோ.”

எஸ்.ஐ. கைக்குட்டையைத் தேடினார். பொய் சொல்வானேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! என் சோம்பேறித்தனத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பலன் கிடைத்திருந்தது.

அவனை அன்றே ஜாமீனில் விட்டார்கள். அரசு மருத்துவமனையில் காயங்களைப் பதிவு செய்யவும், விசாரணை நடத்தவும் உத்தரவானது. எஸ்.ஐ. சஸ்பெண்ட் ஆனது, கேஸ் தள்ளுபடியானது, நஷ்டஈடு வந்தது எல்லாம் பின்னால் ஆடி அசைந்து நடந்தவை. என்னைப் பொறுத்தவரை நாங்கள் ஜெயித்தது அந்த அறையில், அதற்கெல்லாம் முன்னால். மாஜிஸ்திரேட் போலீஸ்காரர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, மச்சானைப் பக்கத்தில் அழைத்தார்.

“உன்னை அடிச்சாங்களான்னு கேக்குறது என் கடமைப்பா. பயப்படாம சொல்றது உன் உரிமை.”

மச்சான் வாசலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மாவுக்கட்டோடு கையைத் தூக்கினான்.

“நான் வழுக்கி வுயல ஐயா. அடிச்சாங்க. பெஞ்சு மேல கைய வெச்சு லத்தியால அடிச்சாங்க!”

வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும். மெதுவாகப் பேசு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.