இண்டிகேட்டர் இடப்பக்கம் அடித்தது

அந்த இண்டிகேட்டரின் டிக் டிக் இன்றைக்கும் என் வயிற்றுக்குள் கேட்கிறது. நான் வேலை பார்த்த சுரங்கத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டிய பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாயின் பழைய வேன் அது. அவர் ஸ்டீயரிங்கில், நான் அருகில், பின் சீட்டில் பனிக்குடம் உடைந்து துடித்துக்கொண்டிருந்த என் மனைவி. ரவுண்டானாவில் நேரே போனால் ஆஸ்பத்திரி. இடப்பக்கம் திரும்பினால் சுரங்கம்.

அந்த வாரம்தான் மூளையைப் பற்றி ஒரு புத்தகம் படித்துவிட்டு பாய்க்குப் பிரசங்கம் செய்திருந்தேன். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் மூளை அதற்கொரு தடம் போட்டுவிடும், அப்புறம் நாம் யோசிக்கவே வேண்டாம் என்று. “அப்ப நான் தூங்கிக்கினே ஓட்டலாம்னு சொல்லுங்க சார்” என்றார். பயம் வந்தால் மூளை பழைய தடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்றும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் காப்பி குடித்தபடி கவனிக்காமல் புரட்டியிருப்பேன்.

டிக் டிக். வருஷக்கணக்கில் ஷிப்டுக்கு ஆளேற்றிப் போன கை, வேனை இடப்பக்கம் ஒடித்தது. நான் தடுக்கவில்லை. சுரங்க வாசல் தெரிந்ததும் அடையாள அட்டைக்காகச் சட்டைப்பையில் கையை விட்டேன்.

“ஏங்க, ரெண்டு பேரும் டூட்டிக்கா போறீங்க?” பின்னாலிருந்து அலறல்.

பாய் பிரேக்கை மிதித்தார். ஷிப்ட் விட்டு வரும் பஸ்களும் சைக்கிள்களும் சாலையை அடைத்திருந்தன. ஓரத்து மண்ணில் இறக்கி, ஹாரனை விடாமல் அழுத்தி, எப்படியோ திருப்பினார். மறுபடி அதே ரவுண்டானா. டூட்டி முடிந்து அந்த வழியாக வரும் கை வீட்டுப் பக்கம்தான் போகும். இந்தமுறை அவர் கையை நம்பவில்லை, வாயால் ஓட்டினார். “டூட்டி இல்ல, வூடு இல்ல, ஆஸ்பத்திரி! டூட்டி இல்ல, வூடு இல்ல, ஆஸ்பத்திரி!”

மகள் கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தாள். “இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா...” என்றார் டாக்டர். அதன்பிறகு பாய் ஒவ்வொரு திருப்பத்தையும் உரக்கச் சொல்லித்தான் பஸ் ஓட்டினார். அதுவும் பழக்கமாகிவிட்டது.

போன வாரம் அதே ரவுண்டானா. ஸ்டீயரிங்கில் என் மகள். பின் சீட்டில், நெஞ்சைப் பிடித்தபடி பாய். உதடு வெளுத்திருந்தது.

“டூட்டி இல்ல... வூடு இல்ல...” மேலே அவருக்கு மூச்சு வரவில்லை.

“ஆஸ்பத்திரி, மாமா” என்றாள் மகள்.

இண்டிகேட்டர் அடிக்கவே இல்லை. நேரே போனோம். பாய் பிழைத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் வந்தபோதுதான் பார்த்தேன்: சுரங்க வேலையை விட்டு எத்தனையோ வருஷமான என் கை, சட்டைப்பைக்குள் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.