குளவி இல்லாத வாழ்த்து மடல்

மடுல்சீமைக் கடைத்தெருவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் எனக்கு, சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் கவிதை முழுக்க அத்துப்படி. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை: தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஜெயகுமார் அண்ணன். கல்யாணம், சடங்கு, கருமாதி எதுவானாலும் மடல் அவருடையதுதான். முன்பெல்லாம் ஒரு மடலுக்கு மூன்று நாள் எடுப்பார். என் கடைக் கணினியில் ஏஐயைப் பழகிய பிறகு மூன்று நிமிஷம். கேட்டவர்களிடம் மட்டும் மூன்று நாள் என்றே சொல்வார்.

"கற்பனை ஊறணும் ஷம்ரா தங்கச்சி," என்பார். மூன்றாம் நாள் மடலை நீட்டும்போது, பாடுபட்ட ஆள் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொள்வார். துளி வேர்வை இருக்காது. நானும் சிரித்துக்கொண்டேதான் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

மாரியாயி அக்கா வந்த அன்று சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெறுகிறவர். பிரியாவிடைக்கு மடல் எழுதச் சொல்லி, ஜெயகுமார் அண்ணனைத் தேடி என் கடைக்கே வந்துவிட்டார்.

"என்னயப் பத்தி என்ன வேணாலும் எழுதுங்க தம்பி. விஜயலெட்சுமி பேரு மட்டும் கட்டாயம் வரணும்."

விஜயலெட்சுமி அவரோடு ஒரே நிரையில் பறித்தவர். மலையில் குளவிக்கூடு இருக்கிறது என்று பெண்கள் காலையிலேயே சொல்லியும் கேட்காமல் நிர்வாகம் அவர்களை மேலே ஏற்றிவிட்டது. கொட்டுப்பட்டுச் செத்துப்போனார். ஒன்பது வருஷமாகத் தோட்டத்தில் எந்த மேடையிலும் அந்தப் பேரை யாரும் எடுத்ததில்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பிடிக்காதாம்.

"எழுதிட்டாப் போச்சுக்கா," என்றார் ஜெயகுமார் அண்ணன். அந்த மடலை என்னைப் பார்க்கவிடாமல் தானே பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிச் சட்டமும் போட்டுவிட்டார்.

பிரியாவிடைக்குத் துரைதான் பிரதம விருந்தினர். கவிஞர் குரலைச் செருமிக்கொண்டு படித்தார்:

"தேனீக்கள் இசைபாட, தென்றல் கூடை சுமக்க,
மான்விழியாள் கொழுந்து பறித்தாள் மகிழ்ந்து!"

துரைக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார்.

மாரியாயி அக்கா சட்டத்தை வாங்கி, வரிவரியாகத் தேடினார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இந்தம்மா நம்ம தோட்டம் இல்லீங்களே. எங் கூடையத் தென்றலு சொமக்கல, முதுகுதான் சொமந்துச்சு." பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அன்னைக்குக் கொட்டுனது தேனீ இல்ல, குளவி. செத்தது விஜயலெட்சுமி. தூக்கிக்கிட்டு எறங்குனது நாங்க."

மடலைத் துரையின் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

மறுநாள் ஜெயகுமார் அண்ணன் கடைக்கு வந்தார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க.

"என்னத்தச் சொல்ல தங்கச்சி. மெஷினு மனுசனாகுமா? பேர விட்டுருச்சு. நம்ம வலி அதுக்கு எங்க தெரியும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் தட்டியது அப்படியே கிடந்தது: 'துரை வருகிறார். குளவி வேண்டாம், சாவு வேண்டாம். சந்தோஷமாக எழுது.'

கீழே அது கேட்டிருந்தது: 'விஜயலெட்சுமியின் பெயர் கட்டாயம் வர வேண்டும் என்று முதலில் சொன்னீர்கள். அதையும் எடுத்துவிடலாமா?'

அதற்கும் கீழே அவருடைய பதில்: 'ஆம்.'

படித்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். அன்றைக்கு நிஜமாகவே வேர்த்திருந்தது.