எடம் மாறிடுச்சு

அவளை எல்லோரும் 'எர்ரர் அக்கா' என்பார்கள். கடைகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் புரோகிராம் எழுதித் தருவது அவள் பிழைப்பு. அது ஒழுங்காக ஓடும்வரை இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. திரையில் எர்ரர் வந்தால்தான் போன் வரும்.

அன்று பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அங்கே மேனேஜர், டாக்டரின் மச்சான். அவள் நுழைந்ததுமே ஆரம்பித்தார்.

"நோயாளிங்க விவரம் மொத்தத்தையும் இவ அழிச்சிட்டா. இன்னையோட நின்னுக்கன்னு சொல்லிட்டேன். இவ வந்த நேரமே சரியில்ல."

'இவள்' என்பது வரவேற்பில் இருக்கும் பெண். அழுது முகம் வீங்கியிருந்தது. "நான் எதையும் தொடலக்கா. காலையில வந்து திறந்தேன், இப்படி நிக்குது."

'நோயாளிகள்' என்ற டேபிளே இல்லை என்றது திரை. விவரங்களை வரிசையாக வைத்திருக்கும் அட்டவணைக்குத்தான் டேபிள் என்று பெயர். இந்தப் புரோகிராமுக்குத் தனி சர்வர் கிடையாது. அட்டவணைகள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரே ஃபைலுக்குள் இருக்கும். அக்கா அந்த ஃபைலை நேராகத் திறந்து பார்த்தாள். டேபிள் குத்துக்கல்லாட்டம் இருந்தது. புரோகிராமைத் திறந்தாள். இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இல்லை.

"கண்ணு முன்னால இருக்கு, இல்லைங்கிறியே! அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று திரையைத் திட்டினாள்.

"நான்தான் சொன்னேனே, அழிச்சிட்டா" என்றார் மேனேஜர், முதுகுக்குப் பின்னால் நின்றபடி.

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா சார்?"

கடைசியில், எந்த ஃபைலைத் திறக்கிறாய் என்று புரோகிராமையே சொல்லவைத்தாள். டெஸ்க்டாப்பில் இருப்பதை என்றது. அங்கே மேனேஜரின் சுற்றுலாப் படங்களுக்கு நடுவே புரோகிராமின் நகல் ஒன்று. பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு ஃபைல். உள்ளே ஒன்றுமில்லை.

புரோகிராம் தான் இருக்கும் இடத்தில்தான் ஃபைலைத் தேடும். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லித் தொலைக்காது. காலியாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு, அதற்குள் டேபிளைத் தேடிவிட்டு, இல்லை என்று கைவிரிக்கும்.

"இங்க காப்பி பண்ணது யாரு?"

"ஈசியா இருக்கட்டுமேன்னு நேத்து சாயங்காலம்... எடம் மாறிடுச்சு போல" என்று இழுத்தார் மேனேஜர்.

"மாறிடுச்சா? அதுக்கென்ன காலா இருக்கு? இவ வந்த நேரமெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு சார். ஃபோல்டர்தான் சரியில்ல."

கீழே இருப்பவர் செய்தால் 'அழித்தாள்'. மேலே இருப்பவர் செய்தால் 'மாறியது'. வினைச்சொல்கூட ஆள் பார்த்துத்தான் வளைகிறது.

அக்கா நகலைத் தூக்கிவிட்டுப் பழைய இடத்திலிருந்து திறந்தாள். பெயர்கள் கடகடவென்று வந்து நிரம்பின.

"சரி சரி, போய் உன் வேலையைப் பாரு" என்றார் மேனேஜர், பெரிய மனசு பண்ணி.

வரவேற்பு மேஜையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அசையவில்லை. "நான் அழிச்சேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே சார், அதையும் சரி பண்ணிடுங்க. அப்புறம் பாக்குறேன்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் அறைக் கதவைத் திறந்தார். "மாமா, அது ஒண்ணுமில்ல. ஏதோ தானா ஆயிடுச்சு."

"தானா ஆகல டாக்டர்!" எர்ரர் அக்கா இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். "ஆக்கினவர் உங்க முன்னாடிதான் நிக்கிறார்!"

உள்ளே பல் குடையும் சத்தம் நின்றது.

"நீயா?"

"...நான்தான் மாத்திட்டேன் மாமா."

அந்தப் பெண் வெகுநேரமாக அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.